ரிச், வெல்த்தி: இரண்டும் ஒன்றா?

06.08.2023, ஞாயிறு, காலை

ஒரு வாசகர் கேட்டது: "என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் 'டெல்டா மண் மிகவும் ______' என்று ஒரு கோடிட்ட இடம். வெல்த்தி என்று எழுதினாள். அதைச் சுழித்துவிட்டு ரிச் என்று திருத்தியிருக்கிறார்கள். அகராதியில் இரண்டுக்கும் 'செல்வம் மிகுந்த' என்றுதான் போட்டிருக்கிறது. பிள்ளை அழுகிறாள். என்னதான் வித்தியாசம்?"

திருத்தியவர் செய்தது சரி. ரிச் மண்ணுக்கும் வரும், மனிதருக்கும் வரும். வெல்த்தி அப்படி இல்லை. மனிதர், குடும்பம், ஊர், நாடு என்று சொத்து வைத்திருக்கக்கூடிய இடத்தில்தான் அது உட்காரும். மண்ணின் பேரில் பட்டா கிடையாது, மண்ணே சொத்தாக இருக்கிறது. அதனால் வெல்த்தி சாயில் என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை.

மனிதருக்கு வரும்போது என்ன வித்தியாசம் என்றால், ரிச் என்பது கையில் காசு புரள்கிறவர். வெல்த்தி என்பது நிலம், வீடு, பங்கு என்று சேர்த்து வைத்திருப்பவர். முன்னது வரத்து, பின்னது இருப்பு. இதை நினைவில் வைத்தால் போதும்.

06.08.2023, இரவு

பிள்ளைக்கு ஒரு சுலபமான வழி. ரிச் வருமா என்று சந்தேகம் வந்தால் தமிழில் 'வளம்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளமான மண், குரல்வளம், சொல்வளம். மூன்றுக்கும் ரிச் வரும். செல்வமான மண் என்று நாமும் சொல்ல மாட்டோம். ஆக, அவளுக்கு விடை தெரியும், அது தமிழில் இருந்தது, அவ்வளவுதான். அழ வேண்டியதில்லை.

07.08.2023, திங்கள்

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனேன். கடைக்காரர் மெத்தை மேல் ஒரு பட்டுப்புடவையை உதறி விரித்து, முந்தியை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். "ரிச் பல்லுங்கக்கா, பாருங்க." முழங்கை நீளத்துக்கு ஜரிகை. உடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புட்டா, முந்தியில் மட்டும் இடைவெளியே தெரியாத அளவுக்கு நெசவு.

ஆங்கிலம் படிக்காதவர் அவர். ஆனால் ரிச் என்ற சொல்லை எவ்வளவு சரியாக வைத்திருக்கிறார்! விலை அதிகம் என்ற பொருளில் அவர் சொல்லவில்லை. இரண்டாயிரம் ரூபாய் புடவையிலும் ரிச் பல்லு உண்டு. ஒரு இடத்தில் அடர்ந்து, நிறைந்து, மிகுந்து கிடப்பதைச் சொல்கிறார். நெய்யும் முந்திரியும் அள்ளிப் போட்ட கேசரியை ரிச் என்பதும் இதே கணக்குதான். வெல்த்தி பல்லு என்று எந்தக் கடையிலும் கேட்டதில்லை. வெல்த் என்ற சொல் தமிழ்ப் பேச்சுக்குள் வந்த ஒரே வாசல் வங்கி. 'வெல்த் மேனேஜர்' என்று ஒருவர் அங்கே கண்ணாடி அறையில் இருப்பார்.

09.08.2023, புதன்

ஞாயிறு காலை எழுதியதன் இரண்டாம் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். வரத்து, இருப்பு என்று கோடு கிழித்தேன். கோடு நிற்கவில்லை.

ஒரு வாசகர் கேட்டார்: நிலம் இருந்து கையில் காசில்லாதவரை ஆங்கிலத்தில் 'அசெட் ரிச், கேஷ் புவர்' என்கிறார்களே, உங்கள் கணக்குப்படி அங்கே ரிச் வரக்கூடாதே என்று. சரியான கேள்வி. அந்தத் தொடரில் சொத்துக்குத்தான் ரிச் வந்திருக்கிறது. எதில் மிகுதியோ அதில் ரிச். சொத்தில் ரிச், காசில் ரிச், இரும்புச்சத்தில் ரிச். வருமானத்துக்கும் அதற்கும் தனி உறவு ஏதும் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பிரிட்டனில் சண்டே டைம்ஸ் பத்திரிகை 1989 முதல் போடும் பணக்காரர் பட்டியலின் பெயர் 'ரிச் லிஸ்ட்'. அதில் கணக்கிடுவது சம்பளத்தை இல்லை. நிலம், வீடு, கம்பெனிப் பங்கு என்று சொத்து மதிப்பைத்தான் கூட்டுகிறார்கள். நான் சொன்ன இலக்கணப்படி அதற்கு 'வெல்த்தி லிஸ்ட்' என்றல்லவா பெயர் இருக்க வேண்டும்?

பணம் சேர்ப்பது பற்றி வகுப்பெடுப்பவர்கள் இப்போது ரிச் வேறு, வெல்த்தி வேறு என்று பலகையில் இரண்டு கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். நானும் அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே எழுதிவிட்டேன். பாடம் நடத்த அது உதவும். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் வாயில் அந்தக் கட்டங்கள் இல்லை.

12.08.2023, சனி

அப்படியானால் வித்தியாசமே இல்லையா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. வேறு இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ரிச் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் முதற்பொருள் பணம் இல்லை, அதிகாரம். வலிமை மிக்கவன், ஆளுகிறவன் என்று பொருள். ஜெர்மன் மொழியில் பேரரசைக் குறிக்கும் 'ரைஹ்' இதன் உடன்பிறப்பு. ரிச்சர்ட், ஃபிரெட்ரிக் என்ற பெயர்களில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதுவே. லத்தீனில் அரசனுக்கு 'ரெக்ஸ்'. சமஸ்கிருதத்தில் 'ராஜன்'. எல்லாம் ஒரே வேர் என்று மொழியியலாளர் காட்டுகிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரிச்சும் ராஜாவும் தூரத்துச் சொந்தக்காரர்கள்! "அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்" என்று நாம் சொல்கிறோமே, அதில் சொல்வது பதவியையா பணத்தையா? இரண்டையும் பிரிக்காமல்தானே சொல்கிறோம். ஆட்சி இருந்தவனிடம்தான் பொருள் இருந்தது. அந்தச் சொல் மெதுவாக ஆட்சியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை சொன்ன 1989 பட்டியலில் முதலிடம் யாருக்குத் தெரியுமா? எலிசபெத் ராணிக்கு. சொல் ஒரு சுற்று சுற்றிப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டது.

வெல்த் பிறந்த வீடு வேறு. 'வெல்' என்றால் நன்றாக. அதோடு உறவுடைய 'வீல்' என்ற பழஞ்சொல்லுக்கு நலம், நல்வாழ்வு என்று பொருள். ஹெல்த் என்ற சொல்லின் சாயலில் அதிலிருந்து வெல்த் உண்டானது. ஆரம்பத்தில் அதற்கு 'நன்றாக இருத்தல்' என்பதே பொருள். பணம் அதில் ஒரு பங்கு மட்டும்.

13.08.2023, ஞாயிறு

நேற்றுச் சொன்னதற்கு ஆதாரம் கேட்டவருக்கு: 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் முதலாம் கொரிந்தியர் 10-ஆம் அதிகாரம் 24-ஆம் வசனத்தைப் பாருங்கள். யாரும் தன்னுடையதைத் தேடாமல் மற்றவருடைய 'வெல்த்'தைத் தேட வேண்டும் என்று இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் படித்தால் அடுத்தவன் சொத்தைத் தேடிப் போ என்று ஆகிவிடும்! அங்கே வெல்த் என்றால் நன்மை. தமிழ் பைபிளில் 'பிரயோஜனம்' என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள்.

காமன்வெல்த் என்ற சொல்லிலும் அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. 1649-இல் மன்னர் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு இங்கிலாந்து தன்னைக் காமன்வெல்த் என்று அறிவித்துக்கொண்டது. பொதுச்சொத்து என்று பொருள் இல்லை, எல்லோருக்கும் பொதுவான நலம் என்று பொருள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் காமன்வெல்த் என்று அப்படியே எழுதுகின்றன. இலங்கைத் தமிழர் 'பொதுநலவாயம்' என்கிறார்கள். 2013-இல் கொழும்பில் மாநாடு நடந்தபோது அங்கத்திய செய்திகளில் அந்தச் சொல்லைத் தினமும் பார்த்தேன். வெல்த்தை நலம் என்று மொழிபெயர்த்தவர் யாராக இருந்தாலும் என் வணக்கம். சொல்லின் தோலைப் பார்க்காமல் உள்ளே இருந்த கொட்டையை எடுத்திருக்கிறார்.

13.08.2023, மாலை

சின்ன விஷயம். 'ரிச்சஸ்' என்பதை இப்போது எல்லோரும் பன்மை என்று நினைக்கிறார்கள். அது பிரெஞ்சிலிருந்து வந்த 'ரிஷெஸ்' என்ற ஒருமைச் சொல். கடைசியில் ஸகரம் கேட்டதால் ஆங்கிலம் அதைப் பன்மையாக எடுத்துக்கொண்டது.

16.08.2023, புதன்

இப்போது புழக்கத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கலாம், ஆனால் சொல்கிறவர் நிற்கும் இடம் வேறு.

ரிச்சைத் திட்டலாம். 'ஃபில்த்தி ரிச்' என்பார்கள், அழுக்கு ஏறிய அளவுக்குப் பணம். 'ஸ்டிங்கிங் ரிச்', நாற்றமடிக்கும் பணம். இந்த இரண்டையும் வெல்த்தியோடு ஒட்டிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. வேலைக்குப் போகத் தேவையில்லாத அளவுக்குச் சொத்துள்ளவரை 'இன்டிபென்டன்ட்லி வெல்த்தி' என்பார்கள். அங்கே ரிச் வராது. குறுக்கு வழியில் திடீரென்று பணம் பார்ப்பது 'கெட் ரிச் குயிக்'. பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது 'பில்ட் வெல்த்'. புதுப்பணக்காரனுக்கு ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டதும் 'நூவோ ரிஷ்' என்று ரிச்சின் சொந்தக்காரனைத்தான். ஏழைக்கு எதிர்ச்சொல் என்றாலும் முதலில் வருவது ரிச். 'ரிச் அண்ட் புவர்' ஜோடி பிரியாது. ஊசியின் காதும் ஒட்டகமும் வரும் அந்த வசனத்திலும் கிங் ஜேம்ஸ் பைபிள் சொல்வது 'ரிச் மேன்'தான்.

தமிழிலும் இப்படியே இருக்கிறது. பணக்காரத் திமிர் என்போம். புதுப்பணக்காரன் என்போம். செல்வந்தத் திமிர் என்றோ புதுச்செல்வந்தர் என்றோ சொல்ல மாட்டோம். செல்வந்தர் என்று சொல்லும்போதே குரல் தணிந்துவிடுகிறது, 'அர்' விகுதி தானாக வந்துவிடுகிறது. செல்வந்தன் என்று எவ்வளவு அரிதாகக் கேட்கிறோம்!

இருபது வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ரிச் வந்தால் பணக்காரர், வெல்த்தி வந்தால் செல்வந்தர் என்று என் கை தானாகப் போடும். அகராதியைப் பார்த்துச் செய்ததில்லை. தொனியைக் கேட்டுச் செய்தது.

16.08.2023, இரவு

'செல்வச் செருக்கு' என்ற ஒன்று இருக்கிறதே என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆமாம், இருக்கிறது, மறந்துவிட்டேன். செல்வத்தையும் திட்ட முடிகிறது. ஆனால் கவனியுங்கள், திமிர் என்ற தெருச்சொல் அங்கே வரவில்லை, செருக்கு என்ற ஏட்டுச்சொல் வந்திருக்கிறது. திட்டும்போதும் செல்வத்துக்கு மரியாதையான வசவுதான் கிடைக்கிறது. என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன், கைவிடவில்லை.

20.08.2023, ஞாயிறு

வருமான வரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் 'வெல்த் டாக்ஸ்' பற்றி எழுதச் சொன்னார். அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று, நான் கைவிட்ட கோட்டுக்கு அங்கே ஒரு சாட்சி நிற்கிறது.

இந்த வரியைப் பரிந்துரைத்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர். 1957-இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது செல்வ வரிச் சட்டம் வந்தது. இது சம்பளத்தைத் தொடாது. வருடக் கடைசியில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கும். கடைசிக் காலத்தில் 30 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துக்கு 1 சதவீதம். நகை, கார், நகர்ப்புற நிலம் எல்லாம் கணக்கில் வரும். குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு விலக்கு உண்டு.

2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதை எடுத்துவிட்டார். 2013-14-இல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடி ரூபாய்தான் என்று காரணம் சொன்னார். அதற்குப் பதிலாக ஆண்டு வருமானம் 1 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ், அதாவது வரியின் மேல் வரி. அவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் ரிச்'.

பாருங்கள், இருப்பின் மீது போட்ட வரிக்கு வெல்த். வருமானத்தின் மீது போட்ட வரிக்கு ரிச். என் ஞாயிற்றுக்கிழமைக் கோடு பொருளியலில் உயிரோடு இருக்கிறது. வெல்த் என்ற பெயர்ச்சொல் அங்கே ஒரு கலைச்சொல்: குறிப்பிட்ட நாளில் இருப்பதன் கூட்டல், அதில் கடனைக் கழித்தது. ஆனால் ரிச் என்பது அங்கேயும் கலைச்சொல் ஆகவில்லை. சபையில் எல்லோருக்கும் சட்டென்று உறைக்கும் சொல் அதுதான், அதனால் எடுத்துக்கொண்டார்.

சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் சுற்றறிக்கையில் வெல்த் டாக்ஸை 'சொத்து வரி' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அப்படியே அச்சாகிவிட்டது. வயதான வாடிக்கையாளர் ஒருவர் நகராட்சியில் வீட்டுக்குக் கட்டிய சொத்து வரி ரசீதை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வெயிலில் வந்துவிட்டார், "நான்தான் கட்டிட்டனே" என்று. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து அது எனக்குச் செல்வ வரி.

20.08.2023, மாலை

'ஆஃப்லுவன்ட்' பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி. லத்தீனில் 'வந்து பாய்கிற' என்று பொருள். ஒரு பெரிய ஆற்றில் வந்து கலக்கும் கிளையாற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. நம் பெரியவர்கள் செல்வம் என்றால் 'செல்வோம்' என்று போய்விடுவது என்று விளக்கம் சொல்வது வழக்கம். லத்தீன்காரர்கள் வரும்போது பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் போகும்போது பார்த்திருக்கிறோம்.

27.08.2023, ஞாயிறு

ஒரு வாரமாக ஒன்று மனதில் கிடந்து உறுத்துகிறது. வரத்து, இருப்பு என்று முதல் நாள் அவ்வளவு உறுதியாக எழுதினேனே, அது வகுப்பெடுப்பவர்களிடம் கேட்டது மட்டும்தானா? அவ்வளவு இயல்பாகக் கையில் வந்ததே, எங்கிருந்து?

என் அம்மாயி மன்னார்குடி பக்கம். மூன்று ஏக்கர் நஞ்சை, இரண்டு மாடு, கொல்லையில் ஏழெட்டுத் தென்னை. கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பத்தாயம். கீழே ஒரு சின்ன வாய் இருக்கும். பலகையை மேலே இழுத்தால் நெல் சலசலவென்று முறத்தில் விழும். நாங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப இழுப்போம். அதட்ட மாட்டார், கொட்டியதைக் கூட்டி அள்ளி மேல் வழியாகப் போடச் சொல்வார்.

அவர் கையில் நான் பத்து ரூபாய் நோட்டைப் பார்த்தது அபூர்வம். கருவாட்டுக்காரம்மா வந்தால் நெல். வளையல்காரர் வந்தால் நெல். துணி வெளுப்பவருக்கு, அறுப்பு ஆட்களுக்கு நெல். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ்ஸுக்குக் காசு இல்லை. முந்தானையை அவிழ்த்துப் பார்த்தார், சில்லறை போதவில்லை. ஒரு மரக்கால் நெல்லை அளந்து மூலைக்கடைக்குக் கொடுத்தனுப்பி, அந்தக் காசில் என்னைக் கூட்டிப் போனார். மடியில் என்னைச் சாய்த்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் புடவையில் நெல் உமி வாசனை.

அதே தெருவில் ஒருவர் 1981-இல் குவைத்திலிருந்து வந்தார். டேப் ரெக்கார்டர், சென்ட், மடிப்புக் கலையாத நோட்டுகள். ஊரே அவரைப் பணக்காரர் என்றது. அம்மாயியை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. "அந்த வீட்டுக்கு என்ன குறை" என்றுதான் சொல்வார்கள்.

இப்போது புரிகிறது. பணக்காரர் என்ற சொல்லுக்குள்ளேயே பணம் இருக்கிறது. பணத்தை உடையவர், அவ்வளவே. நெல் உடையவர் அதில் வரமாட்டார். நான் முதல் நாள் ஆங்கிலத்தின் மேல் போட்ட கோடு என் அம்மாயி தெருவில் கிடந்த கோடு. பணக்காரருக்கு ரிச் என்றும் 'குறை இல்லாத வீடு' என்பதற்கு வெல்த்தி என்றும் மனதில் ஒட்டி வைத்திருக்கிறேன், பல வருடமாக, எனக்கே தெரியாமல். வாசகர்களில் பலர் புதன்கிழமைத் திருத்தத்தை ஏற்காமல் 'முதலில் சொன்னதுதான் சரி' என்று வாதாடினீர்களே, உங்கள் ஊரிலும் இதே கோடு இருந்திருக்கும்.

இதில் ஓர் ஆறுதல். வெல்த் பிறந்தபோது அதற்கு நலம் என்றுதானே பொருள். 'என்ன குறை' என்று ஊர் சொன்னதற்கு அந்தப் பழைய வெல்த் இன்றைய வெல்த்தைவிடக் கிட்ட வருகிறது.

28.08.2023, திங்கள்

அம்மாவிடம் போனில் கேட்டேன். மூன்று ஏக்கர் இல்லை, இரண்டே முக்கால் என்கிறார். தென்னை ஒன்பது. திருத்திக்கொள்ளவும்.

03.09.2023, ஞாயிறு

'வெல்த் ஆஃப் இன்ஃபர்மேஷன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். தகவல் செல்வம் என்று போடாதீர்கள், யாரும் அப்படிப் பேசுவதில்லை. தகவல் களஞ்சியம் என்று சொல்லுங்கள். நெல் கொட்டி வைக்கும் இடத்துக்குத்தான் களஞ்சியம் என்று பெயர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள், பெயர் வைத்தவர்களுக்கும் பத்தாயம் கண்ணில் இருந்திருக்கும்.

முதலில் கேள்வி கேட்டவர் மகள் எழுதிய வாக்கியங்களை அனுப்பியிருக்கிறார். மூன்று. 'ரிச் சாயில்' சரி. 'வெல்த்தி ஃபார்மர்' சரி, அந்த இடத்தில் ரிச் ஃபார்மர் என்றாலும் சரி. 'ரிச் வாய்ஸ்' என்று நான் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை, குரல்வளத்திலிருந்து அவளே யோசித்தது. அதற்கு மட்டும் தனியாக ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள்.